மூன்று முறை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை

குலசேகரம் பக்கம் இருக்கிறேன், ஒரே ஒரு ஜெர்சி கலப்புப் பசு, இரண்டாம் ஈத்து. மூன்று முறை சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டாச்சு, ஒவ்வொரு முறையும் சரியாக 21 நாளில் திரும்பப் பருவத்துக்கு வந்து கத்த ஆரம்பித்துவிடுகிறது. காலையில் கண்ணாடி மாதிரி வழும்பு தொங்கினால் சாயங்காலமே போட வேண்டும் என்று தெரியும், ஆனால் ஊசி போடுகிறவர் மறுநாள் மத்தியானம்தான் வந்து சேருகிறார், அதற்குள் வழும்பே நின்றுவிடுகிறது. போன தடவை நைட்ரஜன் குடுவையில் இருந்து எடுத்த உறைவிந்துக் குச்சியை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம்கூட வைக்காமல் உள்ளங்கையில் தேய்த்தே போட்டார், எனக்கு அதிலும் சந்தேகம். ஒரே பருவத்தில் 12 மணி நேரம் விட்டு இரண்டு ஊசி போட்டவர்கள் உண்டா, பலன் இருந்ததா? இல்லை, முதலில் கர்ப்பப்பையைச் சோதிக்கணுமா? பெண் கன்றுக்கான ஊசி போடச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். சாதா ஊசியே நிற்காத மாட்டுக்கு அது எதற்கு!