தேயிலை வண்டுக்குத் திரும்பி வந்த பெயர்

(குழு: நம் குடும்பம்)

பேர்த் சித்தி: அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுப் பின்புறத்தில் நின்ற முசுக்கொட்டை மரத்தை இன்று காலை வெட்டி எடுத்துச் சென்றார்கள். அடிமரமெங்கும் பேனா முனையால் குத்தியது போன்ற துளைகள் இருந்தன, படம் அனுப்பியிருக்கிறேன். கொடுத்த தாளில் ‘பாலிஃபேகஸ் ஷாட் ஹோல் போரர்’ என்று எழுதியிருக்கிறது. மகள், நீ பூச்சியியல் படிப்பதால் கேட்கிறேன், இது என்ன வண்டு?

ஹட்டன் பெரியப்பா: படத்தைப் பார்த்ததும் எனக்குத் தேயிலை வாதுதான் நினைவுக்கு வந்தது. அப்பா தேயிலைச் செடியின் கிளைகளைக் கவ்வாத்து வெட்டிய காலத்தில், விழுந்த வாதைப் பிளந்து உள்ளே இருக்கும் கறுத்த வண்டையும் வெள்ளைப் புழுவையும் எங்களுக்குக் காட்டுவார். துளை விழுந்த வாது, கொழுந்து பறிப்பவர்கள் நிரைக்குள் நுழையும்போது உடல் பட்டாலே ஒடிந்துவிடும். எங்கள் மலையில் இருந்த வண்டு அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டதா?

நான்: பெரியப்பா, நீங்கள் கேட்ட இதே கேள்விக்கு விடை காண ஆய்வாளர்களுக்குப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன. 1868இல் ஐக்கோஃப் என்ற ஜெர்மானியர், இலங்கையிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டு இவ்வகை வண்டு ஒன்றை முதன்முதலாக விவரித்தார். இப்போது அதன் பெயர் யூவாலேசியா ஃபார்னிகேட்டஸ். அதன் பிறகு தேயிலையைத் துளைத்த வண்டையும் எல்லோரும் அதே பெயரால் அழைத்து வந்தார்கள். 2012இல் கலிஃபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில், ஒரு வீட்டுத் தோட்டத்து வெண்ணெய்ப்பழ மரம் பட்டுப்போனபோது அதில் இருந்ததையும் முதலில் தேயிலை வண்டு என்றே கருதினார்கள். மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான், உருவத்தில் ஒன்றாகத் தெரிந்தாலும் அது வேறோர் இனம் என்று புரிந்தது. சித்தி, உங்கள் தாளில் எழுதியிருக்கும் ‘பாலிஃபேகஸ் ஷாட் ஹோல் போரர்’, அதாவது பலவகை மரங்களைத் துளைக்கும் வண்டு, அந்த இனம்தான்.

தம்பி: அக்கா, கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிந்தால் அதை எப்படிப் புதிய இனம் என்று சொல்ல முடியும்?

நான்: நல்ல கேள்வி. பெண் வண்டின் நீளமே ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர்தான். அதன் முன்மார்புக் கவசத்தையும் இறக்கையுறையையும் நுண்நோக்கியில் ஒவ்வொன்றாக அளந்து, பல நாடுகளில் பிடித்த வண்டுகளின் அளவுகளோடு ஒப்பிடுகிறார்கள். ஓர் இனத்தின் பெரிய வண்டும் இன்னோர் இனத்தின் சிறிய வண்டும் ஒரே அளவில் அமைந்துவிடுவதால், அளவை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. ஆகவே மரபணு வரிசையையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். இரண்டும் ஒரே பிரிவைக் காட்டும்போது, ஒரு வண்டை அந்த இனத்தின் மூல மாதிரியாகத் தேர்ந்து அருங்காட்சியகத்தில் வைத்து, விவரணையை வெளியிடுகிறார்கள். இவ்வாறு 2018இல் யூவாலேசியா குரோஷியோ என்ற புதிய இனம் விவரிக்கப்பட்டது. கலிஃபோர்னியாவின் தென்கோடியில், டிஹுவானா ஆற்றுப் பள்ளத்தாக்கின் வில்லோ மரங்களைப் பெருமளவில் அழித்தது அந்த இனம்தான்.

ஹட்டன் பெரியப்பா: அப்படியானால் ஐக்கோஃப் வைத்த பெயர் எந்த வண்டுக்கு உரியது?

நான்: எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், பெரியப்பா. 2018இல் அந்தப் பெயரைத் தேயிலை வண்டுக்கே கொடுத்திருந்தார்கள். தொலைந்துவிட்டது என்று நம்பப்பட்ட ஐக்கோஃபின் மூல மாதிரி பின்னர் கண்டெடுக்கப்பட்டது. அதை அளந்து பார்த்தபோது, அது தேயிலை வண்டுடன் பொருந்தாமல், இப்போது சித்தி வீட்டு மரத்தைத் துளைத்திருக்கும் இனத்துடன் பொருந்தியது. பெயர் எப்போதும் மூல மாதிரியோடுதான் போகும் என்பது விலங்குப் பெயரீட்டின் விதி. ஆகவே 2019இல் ஃபார்னிகேட்டஸ் என்ற பெயர் சித்தி வீட்டு வண்டுக்குச் சென்றது. தேயிலை வண்டுக்கு, 1951இல் ஷெட்ல் என்பவர் வைத்து, பின்னர் கைவிடப்பட்டிருந்த பெர்பிரெவிஸ் என்ற பெயர் திரும்பி வந்தது. நூற்றாண்டுக்கும் மேலாக நம் தேயிலை மலைகளில் ஒரு வண்டைக் காட்டி நாம் சொன்ன பெயர் வேறொரு வண்டின் பெயர்!

பேர்த் சித்தி: பெயர் எதுவானாலும் மரம் போய்விட்டதே, மகள்.

நான்: உங்கள் வருத்தம் புரிகிறது, சித்தி. ஆனாலும் எந்த இனம் என்று தெரிவது முக்கியம், ஏனென்றால் மரத்தைக் கொல்வது வண்டு மட்டுமல்ல, அது சுமந்து வரும் பூஞ்சையும்தான். பெண் வண்டின் வாயருகே சிறு பைகள் உண்டு. அவற்றில் பூஞ்சை வித்துகளைக் கொண்டுவந்து, தான் குடைந்த சுரங்கத்தின் சுவரில் நாம் நாற்று நடுவது போலப் பயிரிடுகிறது. புழுக்கள் உண்பது மரத்தையல்ல, அந்தப் பூஞ்சையைத்தான். தேயிலை வண்டு வளர்க்கும் பூஞ்சையை 1947இல் கேட், லூஸ் என்ற இருவர் இலங்கையில் விவரித்தார்கள். அது ஃபியூசேரியம் என்ற பூஞ்சை வகையைச் சேர்ந்தது. உங்கள் வண்டு வளர்ப்பது அதே வகையில் வேறோர் இனம். அது மரத்தில் நீர் ஏறும் குழாய்களை அடைப்பதால் கிளைகள் காய்கின்றன.

தம்பி: ஒரு வண்டு மட்டும் வந்து சேர்ந்தாலும் பரவிவிடுமா?

நான்: பரவிவிடும். கருவுறாத முட்டைகளிலிருந்து ஆண் வண்டுகள் பிறக்கும். அவற்றுக்குப் பறக்க இயலாது. அவை சுரங்கத்துக்குள்ளேயே உடன்பிறந்த பெண் வண்டுகளோடு கூடுவதால், வெளியேறும் பெண் வண்டுகள் பெரும்பாலும் கருவுற்ற நிலையிலேயே புறப்படுகின்றன. பேர்த்தில் 2021இல் ஒரு வீட்டு மேப்பிள் மரத்தில் கண்டுபிடித்தார்கள். இனி முற்றாக ஒழிப்பது இயலாது என்று 2025இல் முடிவு செய்துவிட்டார்கள்.

பேர்த் சித்தி: மரத்தின் இரண்டு துண்டுகளை நினைவுக்காக எடுத்து வைத்தேன். உன் சித்தப்பா அவற்றை நண்பர் வீட்டுக்கு விறகாகக் கொடுக்கலாம் என்கிறார்.

நான்: தயவுசெய்து கொடுக்க வேண்டாம், சித்தி. வெட்டிய கட்டைக்குள்ளும் வண்டுகள் உயிரோடு இருந்து வெளியே வரும். இன்றே அழைத்து, அந்தத் துண்டுகளையும் எடுத்துச் செல்லச் சொல்லுங்கள்.

பேர்த் சித்தி: சரி, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஹட்டன் பெரியப்பா: மகள், அடுத்த மாதம் பக்கத்து மலையில் கவ்வாத்து நடக்கும். துளை விழுந்த வாது கிடைத்தால் உனக்கு உதவுமா?

நான்: மிகவும் உதவும், பெரியப்பா. இலங்கையில் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த மூன்று இனங்கள் இருக்கின்றன; எந்த மலையில் எது என்று பார்க்க எனக்கு ஆசை. பேராதனையிலிருந்து எதனோல் ஊற்றிய குப்பிகளை எடுத்து வருகிறேன். வாதை நீளவாக்கில் பிளந்து, வண்டை நசுக்காமல் குப்பியில் போடுங்கள். இடம், உயரம், தேதி, செடியின் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய துண்டுக் காகிதத்தையும் உள்ளே இடுங்கள். பேனா மை எதனோலில் கரைந்துவிடும்.

ஹட்டன் பெரியப்பா: பென்சில் சீவி வைத்திருக்கிறேன்.