மூங்கில் உரசித்தான் தீப்பிடிக்குதா? ஜவ்வாது மலைக்காரங்க சொல்லுங்க

கருகல்_டேப்:
நேற்று வேலூரில் ஒரு பள்ளியில் வன நாள் விழா. மேடையில் பேசியவர், "நம்ம ஜவ்வாது மலையில் மூங்கிலும் மூங்கிலும் உரசித்தான் வருஷா வருஷம் தீப்பிடிக்கிறது" என்றார். பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

தீ ஆய்வு ஒன்றுக்கு உதவியாளாக மூன்று கோடை இந்த மலையில் வேலை செய்திருக்கிறேன். தையில் போய் இருபதுக்கு இருபது மீட்டர் கட்டம் கட்டி, மரங்களின் சுற்றளவை நெஞ்சு உயரத்தில் டேப் போட்டு எடுப்போம். தரைச் சருகைக் கூட்டி எடை போடுவோம். சித்திரையில் தீ ஓய்ந்ததும் அதே கட்டத்துக்குப் போவோம். ஆடியில் துளிர் எண்ண இன்னொரு முறை. மூங்கில் தானாகப் பற்றியதை ஒருநாளும் பார்த்ததில்லை. பார்த்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பாலாற்றுமணல்:
நீங்கள் பார்க்கவில்லை என்றால் நடக்கவே இல்லையா? என் தாத்தா ஒடுகத்தூர் பக்கம் மாடு மேய்த்தவர். மூங்கில் உரசிப் பொறி பறந்ததைக் கண்ணால் பார்த்தவர். சங்ககாலப் பாலைப் பாட்டுகளிலேயே மூங்கில் உரசித் தீ எழுவது வருகிறது. ரெண்டாயிரம் வருஷமாகத் தமிழனுக்குத் தெரிந்தது உங்கள் மூணு கோடையில் பொய்யாகிவிட்டதா?

கோட்டை_அகழி:
தாத்தா வந்துட்டார். இனி திரி நூறு பக்கம் போகும்.

கருகல்_டேப்:
ஐயா, தாத்தா பொறியைப் பார்த்தாரா, சத்தத்தைக் கேட்டாரா? மூங்கிலின் கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே காற்றும் ஈரமும் அடைபட்டிருக்கும். தீ கிட்டே வந்ததும் அது சூடேறி வெடிக்கும். துப்பாக்கி சுட்டது மாதிரி டப் டப் என்று மலை முழுக்கக் கேட்கும். ஓடிப் போய்ப் பார்த்தால் புதர் எரிந்துகொண்டிருக்கும். ஆக மூங்கில்தான் ஆரம்பம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். புதரின் அடியில் காய்ந்த பாளையும் இலையும் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடப்பதால், எங்கிருந்தோ வந்த தீயும் அங்கேதான் நின்று எரியும்.

பாலாற்றுமணல்:
பொறி என்றால் பொறி. என் தாத்தாவுக்குக் காது வேறு, கண் வேறு என்று தெரியும்.

மூங்கிலைப் பிளந்து ஒன்றோடொன்று தேய்த்துத் தீ மூட்டுகிற வழக்கம் உலகத்தில் இன்றும் இருக்கிறது. மனுஷன் தேய்த்தால் பற்றும், காற்று தேய்த்தால் பற்றாதா? இது எந்த ஊர் விஞ்ஞானம்?

கருகல்_டேப்:
அது பிளந்து காயவைத்த மூங்கில். ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்து, அறுக்கிற மாதிரி வேகமாகத் தேய்க்க வேண்டும். விழுகிற பொடி சூடு ஆறாமல் ஒரே இடத்தில் சேர வேண்டும். பஞ்சு மாதிரி ஒன்றைத் தயாராக வைத்து ஊத வேண்டும். காட்டில் நிற்பது பச்சை மூங்கில், உள்ளே தண்ணீர். காற்றில் இப்படி ஒரு தரம், அப்படி ஒரு தரம் ஆடும். தேய்கிற இடமும் நிலையாக இருக்காது, சூடும் நிற்காது. உங்கள் சங்கப் பாட்டிலேயே ஞெலிகோல் என்ற சொல் இருக்கிறது. தீக்கடைகோல். கடைய ஓர் ஆள் வேண்டும்.

பாலாற்றுமணல்:
எல்லா மூங்கிலும் பச்சையா? மூங்கில் பூத்தால் கூட்டமாகச் சாகும், இது தெரியுமா தம்பிக்கு? செத்த புதர் ரெண்டு கோடை நின்று எலும்பாகக் காயும். அப்போது உரசினால்? பதில் சொல்லிவிட்டு ஞெலிகோலுக்கு வாருங்கள்.

கருகல்_டேப்:
பூத்துச் செத்த புதர் எரிபொருள், சரி. ஆனால் குவிந்த விறகு அடுப்பாகிவிடாது, பற்றவைக்க ஒன்று வேண்டும்.

போன சித்திரையில் எரிந்த ஒரு சரிவில் கட்டம் கட்டமாக நடந்தோம். அடிமரத்தில் கருகல் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று டேப் வைத்து அளப்பதுதான் என் வேலை, பேரும் அதனால் வந்தது. சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். மரத்தின் மேட்டுப் பக்கம் கருகல் உயரமாக இருக்கும், பள்ளத்துப் பக்கம் கம்மி. அந்த அடையாளத்தைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கினால் தீ வந்த வழி தெரியும். ஒரு மரத்தில் நாங்கள் தையில் அடித்த அலுமினிய வில்லை கரியேறிக் கிடந்தது. எச்சில் தொட்டுத் துடைத்தால் 214 என்ற எண் தெரிந்தது. அங்கிருந்து கருமருது, வெக்காலி, உண்ணிச்செடிப் புதர் என்று இறங்கி இறங்கிக் கடைசியில் எங்கே நின்றோம் தெரியுமா? ஒற்றையடிப் பாதை ஓரத்தில். மூங்கில் புதர் அங்கிருந்து ரொம்ப தூரம் மேலே.

ஆம்பூர்_அண்ணாச்சி:
எச்சில் தொட்டுத் துடைத்தார்களாம். ஆய்வுக்கு இவ்வளவுதான் பட்ஜெட்.

புதூர்நாட்டான்:
மூணு நாளா பொறுமையா படிச்சிட்டிருக்கேன். "பாதை ஓரம்"னு நிறுத்திட்டீங்க சார். அடுத்த வரியை நான் சொல்லட்டுமா? "மலைக்காரன் வெச்சான்." அதைத்தானே சொல்ல வர்றீங்க?

எங்க உறவுக்காரர் ஒருத்தரை, தீப்பிடிச்ச அன்னிக்கு அந்தப் பக்கம் ஆடு ஓட்டிட்டுப் போனார்ங்கிற ஒரே காரணத்துக்காக நாலு நாள் அலைய விட்டாங்க. மூங்கில் உரசுச்சுன்னு எழுதிட்டா யாருக்கும் தலைவலி இல்லை. தீத்தடுப்புக் கோடு வெட்டறது எங்க பசங்க. தற்காலிகக் கூலிக்குப் பச்சைத் தழையால தீயை அடிச்சு அணைக்கிறதும் எங்க பசங்க. மூங்கில் உரசட்டும், விடுங்க.

கருகல்_டேப்:
நண்பரே, நான் யாரையும் குறை சொல்லவில்லை. பாதையில் யாரும் நடக்கலாம். கீழே ஊரிலிருந்து மலை ஏறி வந்து பீடி போட்டவன்கூட வைத்திருக்கலாம். சாமை அறுத்த கொல்லையைக் கொளுத்தும்போது பொறி தாவியிருக்கலாம். தேனெடுக்கப் புகை போட்டிருக்கலாம். எல்லாமே மனிதர் கை. நான் கேட்பது ஒன்றுதான், மூங்கில் பற்றுமா, பற்றாதா?

புதூர்நாட்டான்:
சாமைக் கொல்லை, தேன், ரெண்டும் எங்களுது. பீடி மட்டும் ஊர்க்காரனுது. நல்ல பங்கு பிரிச்சீங்க நைனா.

பாலாற்றுமணல்:
பாருங்கள், மலையில் இருப்பவரே மூங்கில் என்கிறார்.

புதூர்நாட்டான்:
நான் அப்படிச் சொல்லவே இல்லை.

கோட்டை_அகழி:
ஒரு சந்தேகம். புதூர்நாடு இப்போ திருப்பத்தூர் மாவட்டம். ஜமுனாமரத்தூர் 1989-லயே திருவண்ணாமலையோட போயிடுச்சு. 2019-ல மிச்சத்தையும் மூணாப் பிரிச்சாங்க. அப்புறம் "நம்ம ஜவ்வாது மலை"ன்னு வேலூர் மேடையில எந்த உரிமையில பேசறாங்க?

ஆம்பூர்_அண்ணாச்சி:
அமிர்தி காடு எங்கே இருக்கு? வேலூர்லதானே? அதுவும் ஜவ்வாது மலைதான். வரைபடம் பார்த்துட்டுப் பேசுங்க.

கோட்டை_அகழி:
ஆம்பூர்க்காரருக்கு வேலூர் மேல திடீர்ப் பாசம். பிரிச்சப்போ பட்டாசு வெடிச்சவங்கதானே நீங்க?

கருகல்_டேப்:
மாவட்டத்தை விடுங்கள். செயற்கைக்கோள் படத்துக்கு மாவட்டம் தெரியாது. மதியம் ஒன்றரை மணிவாக்கில் தலைக்கு மேலே போகும், 375 மீட்டர் சதுரத்துக்கு ஒரு புள்ளி காட்டும். அதுவும் சூட்டைத்தான் காட்டும், யார் வைத்தார்கள் என்று காட்டாது. அதனால்தான் ஆள் நடந்து போய்ப் பார்க்கணும் என்கிறேன். முதுமலையில் 50 ஹெக்டேரில் 1988 முதல் மரம் மரமாகக் கணக்கு எடுக்கிறார்கள். தீக்குப் பிறகு எது சாகிறது, எது துளிர்க்கிறது என்பதெல்லாம் அப்படித்தான் தெரிய வந்தது. இங்கேயும் பார்த்தோம். கருமருதுக்கு முதலை முதுகு மாதிரிப் பட்டை, தீ தொட்டுவிட்டுப் போகும். சந்தனக் கன்று கருகிவிடும், ஆடியில் போனால் வேரிலிருந்து விரல் நீளத்துக்குத் துளிர் நிற்கும்.

பாலாற்றுமணல்:
முதுமலை நீலகிரியில் இருக்கிறது. இது வட ஆற்காடு. அங்கத்து மழை வேறு, இங்கத்து வெயில் வேறு. இங்கே மூங்கில் பற்றும்.

கருகல்_டேப்:
வெயில் எவ்வளவு அடித்தாலும் 45 டிகிரியைத் தாண்டாது. கட்டை பற்ற அதைப் போல ஆறேழு மடங்கு சூடு வேண்டும். சரி, கடைசியாக ஒன்று கேட்கிறேன். தாத்தா பார்த்தது கல் மூங்கிலா, முள் மூங்கிலா?

பாலாற்றுமணல்:
மூங்கில்.

கருகல்_டேப்:
அதான், எந்த மூங்கில்?

பாலாற்றுமணல்:
உரசுகிற மூங்கில்.

புதூர்நாட்டான்:
அந்தப் பாதை எந்தப் பாதைன்னு இன்னும் சொல்லலை சார்.