பெட்லம் நாடகம்: நடித்தவர்களும் பார்த்தவர்களும்

நாடகக் குழுவிலிருந்து:

எங்கள் குழு போட்டது லண்டன் பெட்லம் மருத்துவமனையின் கதை. 1247-ல் மடமாகத் தொடங்கி, இடம் மாறி மாறி இன்றுவரை மனநல மருத்துவமனையாக இயங்கிவருவது. அத்தனை வருடத்தையும் ஒரே மாலையில் சொல்ல முடியாது. அதனால் ராபர்ட் ஹூக் வடிவமைத்த கட்டடம் மூர்ஃபீல்ட்ஸில் எழுந்த 1676-ல் தொடங்கி, மனநோயாளிகளை நடத்திய விதம் பற்றிய 1815 நாடாளுமன்றக் குழு விசாரணையோடு நிறுத்திக்கொண்டோம். அந்த விசாரணைக்குக் காரணமானவர்களில் ஒருவரான எட்வர்ட் வேக்ஃபீல்ட் வேடம் எனக்கு.

ஒத்திகையில் பெரிய சண்டையே நடந்தது. நோயாளியாக யார் நடிப்பது? தலையை விரித்துப் போட்டுக் கண்ணை உருட்டினால் கைதட்டல் நிச்சயம், எல்லோருக்கும் அதில்தான் ஆசை. இயக்குநர் ஒரே பேச்சில் மறுத்துவிட்டார். பெட்லமில் நடந்ததும் அதுதானே? உள்ளே இருப்பவர்களைப் பார்க்க ஊரே பொழுதுபோக்காக வந்துபோனது, வாசலில் உண்டியல் வேறு. 1770-ல்தான் அனுமதிச் சீட்டு இல்லாமல் வரக்கூடாது என்று கட்டுப்படுத்தினார்கள். ஆங்கில ஓவியர் ஹோகார்த்தின் 1735 ஓவிய அச்சில், நோயாளிகளுக்கு நடுவே பகட்டாக உடுத்திய இரண்டு பெண்கள் நிற்கிறார்கள், ஒருத்தி கையில் விசிறி. டிக்கெட் வாங்கி வருகிற நம் ஆட்களுக்கு அதே வேடிக்கையை மறுபடி காட்டுவதா என்று கேட்டார்.

எனவே நோயாளி வேடமே கிடையாது. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள், காவலர்கள், மருத்துவர்கள், விசாரணைக் குழு மட்டும்தான். விசிறிக்காரி மேடை முனைக்கு வந்து பார்வையாளர்களை மேலும் கீழும் பார்ப்பாள், தோழியிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பாள். முதலில் அரங்கும் சேர்ந்து சிரிக்கும். ஒரு காட்சியில் முன்வரிசைக்காரர் எழுந்து, “என்னம்மா அப்படிப் பார்க்கிறீங்க?” என்று நிஜமாகவே கோபப்பட்டுவிட்டார். நடித்த பெண் அசரவில்லை. விசிறியை மடக்கி அடுத்த இருக்கையைப் பார்க்கத் தொடங்கினாள்.

பெட்லமில் இரும்பில் பூட்டப்பட்டுக் கிடந்த நோயாளி ஜேம்ஸ் நாரிஸ். அவர் காட்சிக்கும் ஆள் இல்லை, இரும்பு மட்டும்தான். வேக்ஃபீல்ட் விவரித்தபடியே செய்தோம்: ஆறடிக்கு மேல் உயரமான இரும்புத் தூண், அதில் மேலும் கீழும் நகரும் வளையம், அதிலிருந்து குட்டைச் சங்கிலி, கழுத்துக்கு இன்னொரு வளையம், இடுப்பைச் சுற்றிக் கைகளையும் சேர்த்து இறுக்கும் பட்டை. வெல்டிங் செய்தவர் அளவைப் பார்த்துவிட்டு, “இது எந்த மிருகத்துக்கு சார்?” என்றார். நான் அந்த வளையத்தைத் தூணில் ஏற்றி இறக்கிக்கொண்டே வசனம் பேச வேண்டும். அந்தக் கரகர சத்தத்தைவிட, நாரிஸ் பத்திரிகை படிப்பார், வந்தவரிடம் அரசியல் பேசுவார் என்று நான் சொல்லும் வரிக்குத்தான் அரங்கு ஆடிப்போகும். 1814-ல் கண்டுபிடித்தபோது அவர் பல வருடமாக அப்படியே கிடந்திருந்தார். இரும்பைக் கழற்றிய பிறகு அதிக நாள் உயிரோடு இல்லை.

மனநலச் செவிலியர் ஒருவர்:

நாடகம் நன்றாக இருந்தது. குறிப்பாக பெட்லம் மருத்துவர் தாமஸ் மன்ரோ சாட்சி சொல்லும் இடம். தான் தனியாக நடத்திய மனநோயாளர் விடுதியில் ஏன் விலங்கு போடுவதில்லை என்று கேட்டால், கனவான்களுக்கு அது பிடிக்காது என்கிறாரே! அந்த மனுஷன் விசாரணையில் சொன்னதே அது என்று தெரியாமல் பக்கத்தில் இருந்தவர், “நாடகத்துக்காக எழுதியிருக்காங்க” என்றார்.

ஆனால் 1815-ல் நிறுத்தியது சரியில்லை. வெளியே வந்ததும் ஒருவர் என்னிடம், “இப்பவும் கட்டித்தான் வைப்பீங்களா?” என்று கேட்டார். 1952-ல் பாரிஸில் குளோர்புரோமசின் மருந்தை மனநோய்க்குக் கொடுத்துப் பார்த்ததிலிருந்து வார்டுகளின் நிலைமையே மாறிப்போனது. எல்லாமே நல்லதாக மாறியது என்று சொல்லமாட்டேன், கை நடுங்கும், உடம்பு விறைக்கும், அதையும் மேடையில் காட்டலாம். அதேபோல மின் அதிர்ச்சி சிகிச்சை. 1938-ல் ரோமில் தொடங்கியபோது மயக்க மருந்தே இல்லை. இன்று முறையாகச் செய்கிற இடத்தில் நோயாளியை மயக்கத்தில் வைத்து, தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்துத்தான் செய்கிறோம். ஜனங்களுக்குத் தெரிந்தது சினிமாவில் வரும் துள்ளல்தான். சங்கிலியோடு கதை முடிந்தால், சிகிச்சைக்கு வர யோசிக்கிறவர் இன்னும் தள்ளிப்போடுவார்.

அண்ணனோடு போன ஒருவர்:

செவிலியர் சொல்வது நியாயம்தான், ஆனாலும் இந்த நாடகம் எங்களுக்கு வேறு மாதிரி இருந்தது. என் அண்ணன் கொஞ்ச காலம் மருத்துவமனையில் இருந்தவன். கூட்டிப்போகலாமா என்று வீட்டில் ஒரே விவாதம். கடைசியில் அவனையே கேட்டோம், வருகிறேன் என்றான்.

இரும்புத் தூணைப் பார்த்தால் கலங்குவான் என்று பயந்தேன். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விசிறிக்காரி வந்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தான். வீட்டுக்குத் திரும்பும்போது, “அவங்களாவது வந்து பார்த்தாங்க. எங்க வார்டில் பார்வை நேரத்துக்குப் பாதிப் பேருக்கு யாருமே வரமாட்டாங்க. மணி அடிக்கிறவரை கதவைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க” என்றான். அப்புறம் தன் பக்கத்துக் கட்டில்காரரைப் பற்றி நிறையப் பேசினான். அவரைப் பற்றி இதற்குமுன் எங்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை.

நாடகக் குழுவுக்கு ஒன்று. அடுத்த முறை மதியக் காட்சி இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்கிறான், இரவு மாத்திரை போட்டால் கடைசிக் காட்சிக்குள் தூங்கிவிடுவான்.