தாத்தாவின் நாணயச் சேகரிப்பை விற்க வேண்டும்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி

என் தாத்தா சேர்த்து வைத்த நாணயங்களும் சில வெள்ளிப் பாளங்களும் இப்போது எனக்கும் என் தம்பிக்கும் வந்து சேர்ந்திருக்கின்றன. ஒரு டப்பாவில் பிரிட்டிஷ் சவரன் நாணயங்களும், துணிப்பையில் 1780 என்று ஆண்டு பொறித்த பெரிய வெள்ளி நாணயங்களும், பிளாஸ்டிக் ஆல்பத்தில் பிரிட்டனின் பழைய வெள்ளிச் சில்லறைகளும் உள்ளன. எங்கள் இருவருக்கும் இதில் பழக்கமில்லை. ஒரு வியாபாரி எல்லாவற்றையும் மொத்தமாக எடை போட்டு வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறார். அதுவே சுலபம் என்கிறான் தம்பி. கறுத்துப்போன வெள்ளியை விற்பதற்கு முன் மெருகேற்றலாமா, மொத்தமாகக் கொடுப்பதா, பிரித்துக் கொடுப்பதா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

முதல் பதில்

தயவுசெய்து எதையும் தேய்க்காதீர்கள். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு வினைபுரிவதால் உண்டாகும் மெல்லிய படலமே அந்தக் கறுப்பு. மெருகுப் பசையால் தேய்த்தால் படலத்தோடு வெள்ளியும் சற்றுப் போய்விடும், எஞ்சுகிற மயிரிழைக் கீறல்கள் உருப்பெருக்கியின் கீழ் உடனே தெரியும், சேகரிப்பாளர்கள் அத்தகைய நாணயத்துக்குப் பாதி விலை கூடத் தயங்கித்தான் தருவார்கள். ஆல்பத்தின் உறைகள் மிருதுவான பிவிசியாக இருந்தால், நாணயங்களின் மேல் பிசுபிசுப்பான பச்சைப் படிவு இருக்கிறதா என்று பாருங்கள். அது உலோகத்தை அரிக்கும் என்பதால், ஓரத்தை மட்டும் பிடித்து பாலியெஸ்டர் உறைகளுக்கு மாற்றிவிடுவது நல்லது.

அடுத்தது பட்டியல். ஒவ்வொன்றின் இரு பக்கங்களையும் படமெடுத்து, எடையையும் விட்டத்தையும் குறித்துக்கொண்டால், உலோக விலைக்கு மட்டும் போகக்கூடியது எது, அதற்கு மேல் போகக்கூடியது எது என்று பிரிக்க முடியும். உங்கள் 1780 நாணயங்கள் அநேகமாக மரியா தெரசா தாலர்களாக இருக்கும். ஆஸ்திரியாவை ஆண்ட அந்த அரசி இறந்த ஆண்டையே பொறித்து, அதற்குப் பின்னும் பல நாணயச்சாலைகள் நெடுங்காலம் அச்சிட்டு வந்ததால், ஆண்டைப் பார்த்துப் பழமையை மதிப்பிட முடியாது. பெரும்பாலானவை ஏறத்தாழ வெள்ளி விலைக்கே போகும். எடை சுமார் 28.07 கிராம், அதில் ஆயிரத்துக்கு 833 பங்கு வெள்ளி.

இரண்டாம் பதில்

மொத்தமாக எடை போடுவதில் ஆபத்து எங்கே என்பதற்கு உங்கள் ஆல்பமே உதாரணம். பிரிட்டனின் வெள்ளி நாணயங்களில் 1919 வரை ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி இருந்தது. 1920 முதல் 1946 வரை 500 பங்கு. 1947 முதல் புழக்கத்துக்கு வந்தவற்றில் வெள்ளியே இல்லை. மூன்றையும் ஒரே தட்டில் கொட்டினால் எந்த மாற்றுக்கு விலை பேசுவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை! அவுன்சிலும் கவனம் தேவை: விலைமதிப்புள்ள உலோகங்களுக்கான டிராய் அவுன்ஸ் 31.1 கிராம், சாதாரண அவுன்ஸ் 28.35 கிராம்.

அன்றைய உலோக விலை நாளுக்கு நாள் மாறுவதால், வெவ்வேறு வியாபாரிகளிடம் ஒரே நாளில் எழுத்தில் விலை கேளுங்கள். ஒவ்வொரு பொருளையும் குறிப்பிட்ட ரசீது இல்லாமல் எதையும் விட்டுவிட்டு வராதீர்கள். பாளங்கள் முத்திரையிட்ட உறையில் இருந்தால் பிரிக்க வேண்டாம். வரியைப் பொறுத்தவரை, சில நாடுகளில் சொத்து கைக்கு வந்த நாளின் மதிப்பும், வேறு சிலவற்றில் முன்னோர் வாங்கிய விலையும் அடிப்படையாகக் கொள்ளப்படுவதால், பழைய ரசீதுகள் இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

மூன்றாம் பதில்

மேலே உள்ளவர்கள் சொன்னது சரியே. ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லா நாணயங்களையும் தரச்சான்றுக்கு அனுப்பிவிடாதீர்கள் என்பது என் கருத்து. பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்கள் உண்மைத்தன்மையைச் சோதித்து, ஷெல்டன் அளவுகோலில் 1 முதல் 70 வரை தரமிட்டு, மூடிய பெட்டியில் அடைத்துத் தருகின்றன. கட்டணம் ஒவ்வொரு நாணயத்துக்கும் தனி என்பதால், சாதாரண தாலருக்கு அந்தச் செலவு நிச்சயம் கட்டுப்படியாகாது. ஏலத்துக்கும் இதே கணக்குதான்: விற்பவரிடம் கமிஷன் பிடிப்பார்கள், வாங்குபவரிடமும் கூடுதல் கட்டணம் வசூலிப்பார்கள் (அவர் அதையும் மனத்தில் வைத்தே கேட்பார்), பணம் கைக்கு வரத் தாமதமாகும். அரிதானவற்றுக்கு மட்டும், குறைந்தபட்ச விலை நிர்ணயித்து, அந்த வழியில் போங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. சவரன்களைப் பார்த்தபோது, குதிரைவீரன் உள்ள பக்கத்தில், ஆண்டுக்கு நேர் மேலே தரைப்பகுதியில், சிலவற்றில் எஸ் அல்லது எம் என்ற எழுத்து மிகச் சிறியதாக இருக்கிறது. 1917 ஆண்டு நாணயம் ஒன்றில் எழுத்தே இல்லை. இதற்கு ஏதேனும் பொருள் உண்டா?

முதலில் பதிலளித்தவர்

அவை நாணயச்சாலைக் குறிகள்: எஸ் சிட்னி, எம் மெல்போர்ன். எழுத்து இல்லையென்றால் லண்டன். லண்டனில் அச்சிட்ட 1917 சவரன் இன்று அரிது என்பதாலேயே அதற்குப் போலிகளும் உண்டு. எடை 7.98 கிராமும் விட்டம் 22.05 மில்லிமீட்டரும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் சந்தேகம் உறுதி, பொருந்தினாலும் அதை வைத்து மட்டும் நம்பிவிட முடியாது, ஏனெனில் சரியான மாற்றுத் தங்கத்திலேயே செய்த போலிகள் உண்டு. தரச்சான்றுக்கு அனுப்ப வேண்டியது இந்த ஒன்றைத்தான். முடிவு வரும்வரை இதைத் தனியே எடுத்து வையுங்கள். மற்ற சவரன்களுக்குத் தலா 7.32 கிராம் சுத்தத் தங்கம் என்று கணக்கிட்டு விலை பேசத் தொடங்கலாம்.