வகுப்பறைக்கு வேண்டிய சொல்: உடனெழுதி

ஐயா, வணக்கம்.

இணையத்தில் பலர் ஒரே ஆவணத்தில் ஒரே நேரத்தில் எழுத உதவும் மென்பொருளுக்குத் தாங்கள் முன்வைத்த 'நிகழ்நேர இணையவழிக் கூட்டு எழுதுகருவி' என்ற பெயர் பொருளில் குறையில்லாதது. வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். நான் 'கருவி'க்கு வந்து சேர்வதற்குள் மாணவர்கள் "கூகுள் டாக்ஸ்தானே அம்மா?" என்று திறந்துவிட்டார்கள். படியெடுப்பது ஜெராக்ஸ் ஆனதுபோல இதுவும் ஆகிவிடும்.

முதலில், எதற்குப் பெயர் வைக்கிறோம்? விக்கிப்பீடியாவிலும் பலர் சேர்ந்துதான் எழுதுகிறார்கள். ஆனால் ஒருவர் சேமித்த பிறகே அவர் எழுதியது அடுத்தவருக்குத் தெரியும். அதற்குள் இருவர் ஒரே பத்தியில் கைவைத்திருந்தால் முரண். 2008இல் வந்த ஈத்தர்பேட் என்ற இணைய எழுதுகருவி அப்படியல்ல. ஒருவர் தட்டும்போதே எழுத்து மற்றவர் திரையில் விழும். ஆளுக்கொரு பின்னணி நிறம். இந்த இரண்டையும் 'கூட்டு' என்ற ஒரே சொல்லால் எப்படிப் பிரிப்பது?

'கூட்டெழுத்து' என்று சுருக்கவும் வழியில்லை. எழுத்துகள் பிணைந்து ஒரே வடிவாவதற்குக் கல்வெட்டு படிப்பவர்களும் அச்சுக்காரர்களும் அதை எப்போதோ எடுத்துக்கொண்டார்கள்.

என் பரிந்துரை 'உடன்'. உடன்பிறப்பில் அது 'சேர்ந்து'. உடனுக்குடனில் அது 'அப்போதே'. நாம் இரண்டு அடைமொழிகளை அடுக்கித் தேடிய பொருள் இந்த மூன்றெழுத்தில் ஏற்கெனவே இருக்கிறது. நன்னூலார் மூன்றாம் வேற்றுமைக்குச் சொல்லும் பொருள்களில் ஒன்று உடனிகழ்வு, அதாவது சேர்ந்து நிகழ்வது. கணினியியலிலும் இத்தகைய கருவியின் வேர்ச்சிக்கல் அதுவேதான்: இருவர் ஒரே நொடியில் தட்டியதை எந்த வரிசையில் வைப்பது? கணினி ஆய்வாளர்கள் எல்லிஸும் கிப்ஸும் 1989இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையின் தலைப்பையே 'குழுமென்பொருளில் உடனிகழ்வுக் கட்டுப்பாடு' என்று தமிழாக்கலாம்.

ஆகவே செயல் உடனெழுதல், கருவி உடனெழுதி. புணர்ச்சியிலும் இடறல் இல்லை. 'உடன்' தனிக்குறில் அல்லவே, ஒற்று இரட்டாது.

* * *

அம்மையீர், வணக்கம்.

நன்னூலைக் காட்டி என்னை மடக்கப் பார்க்கிறீர்கள். மூன்று தடைகள்.

'உடன் தொடர்புகொள்ளவும்' என்ற விளம்பரம் படித்து வளர்ந்தவர்களுக்கு 'உடன்' என்றால் அவசரம். உடனெழுதி என்றதும் சுருக்கெழுத்தாளர்தான் என் நினைவுக்கு வருகிறார். அடுத்து, 'எழுதி' வினையெச்சம். 'உடனெழுதி முடித்தான்' என்றால் கருவி எங்கே? மூன்றாவது, அது கருவியா ஆளா?

சொற்றொடர் நீளம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீளமான சொல் பிழையாகப் புரிந்துகொள்ளப்படுவதில்லை.

* * *

ஐயா,

நீளமான சொல் பயன்படுத்தப்படுவதும் இல்லை; பிழை நேர வாய்ப்பேது!

'பேசி' வினையெச்சம்தான், தொலைபேசி நிலைத்துவிட்டது. 'உலாவி'யும் அப்படியே. 'உடனெழுதியில் திறந்தேன்' என்று ஓர் உருபு ஏறினால் ஐயம் தீர்ந்துவிடும். ஆளுக்கு உடனெழுதுநர் என்று வைத்துக்கொள்வோம். சுருக்கெழுத்தாளர் தடை வலுவானது, மறுக்கமாட்டேன். பாடநூலில் முதல் முறை வருமிடத்தில் மட்டும் 'நிகழ்நேர' என்று முன்னால் சேர்த்துவிடலாம்.

எனக்கு உண்மையில் விடை தெரியாத இடம் வேறு. சென்ற வாரம் ஐந்து ஐந்து பேராகப் பிரித்து 'எங்கள் ஊர்ச் சந்தை' எழுதவைத்தேன். முதல் பத்து நிமிடம் ஒரே கூத்து. ஒருவர் எழுத எழுத இன்னொருவர் அழித்தார். 'ந' என்று ஒருத்தி தட்டி 'ி' சேர்ப்பதற்குள் பக்கத்தில் இருந்தவளின் 'ம' நடுவில் புகுந்து, 'நிறைய' என்பது 'நமிறைய' ஆனது. நம் எழுத்து ஒன்று, கணினிக்கு இரண்டு குறியீடுகள். அதைக் காட்ட இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்காது.

பிறகு அடங்கி எழுதினார்கள். மதிப்பெண் போட நிறங்களைப் பார்த்தேன். ஒரு குழுவில் நீலம் மூன்று பத்தி, மஞ்சள் இரண்டு. பச்சைக்கு உரியவன் ஒரு வாக்கியம்கூட எழுதவில்லை. ஆனால் கட்டுரை முழுவதும் பச்சையில் க், ச், த், ப் என்று புள்ளி வைத்த எழுத்துகள் மட்டும் தூவிக் கிடந்தன. மற்றவர்கள் விட்ட வல்லொற்றுகள் அத்தனையும் அவன் இட்டவை.

அவனும் உடனெழுதுநரா, அல்லது மெய்ப்புத் திருத்துநரா? கருவியின் கணக்கில் அவன் பங்கு நூற்றில் ஒன்றுகூட வராது. நான் முழு மதிப்பெண் கொடுத்துவிட்டேன். தாங்கள் ஒரு சொல் சொல்லும்வரை வகுப்பு காத்திருக்கவில்லை. அவனுக்கு 'ஒற்றன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.