கருவுறுதல் விகிதம் வேண்டாம், பிள்ளைப்பேற்று வீதம்னு வைக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம்.

மக்கள்தொகை மாற்றத்தைப் பத்தின ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ல நாம தொகுக்கற பட்டியலை முழுசா படிச்சேன். பிறப்பு வீதம், இறப்பு வீதம், ரெண்டையும் கழிச்சா வர்ற இயற்கை அதிகரிப்பு, குடிவந்தவங்க குடிபோனவங்க கணக்கு, இதெல்லாம் சரியா இருக்கு, பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும். ஆனா டிஎஃப்ஆர்-க்கு (டோட்டல் ஃபெர்ட்டிலிட்டி ரேட், அதாவது ஒரு பெண் சராசரியா எத்தனை குழந்தை பெறுவாங்கற எண்) 'மொத்தக் கருவுறுதல் விகிதம்'னு போட்டிருக்கறதை அப்படியே விடக்கூடாதுன்னு நினைக்கறேன்.

காரணம் சொல்றேன். எங்க பெரியம்மா ஒருநாள் காலைல பேப்பரை மடிச்சு வச்சுட்டு, "ஏண்டி, நம்ம ஊரு பொம்பளைங்களுக்கு கரு தங்கறதே இல்லையாமே, வெறும் 1.8 சதவீதமாம், எல்லாம் இந்த உரம் போட்ட அரிசியால வந்த வினை"ன்னாங்க. எடுத்துப் பாத்தா, 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுக்கு வந்த 1.8 பத்தின செய்தி அது. அதாவது சராசரியா ஒரு பெண்ணுக்கு 1.8 குழந்தை. சதவீதமும் கிடையாது, கரு தங்கறதுக்கும் அதுக்கும் நேரடியா சம்பந்தமும் கிடையாது. பெரியம்மா அஞ்சு பெத்தவங்க, அவங்க பொண்ணு ரெண்டாவது பிரசவத்தோடயே ஆபரேஷன் பண்ணிக்கிட்டா. அக்காவுக்கு கருவுறுறதுல ஒரு குறையும் இல்லை, ரெண்டு போதும்னு நிறுத்திக்கிட்டா, அவ்வளவுதான். அந்த 'போதும்'தான் 1.8-ல பெரும்பங்கு, நம்ம சொல்லோ அதை உடம்புக் கோளாறு மாதிரி காட்டுது.

இந்த எண் எப்படி வருதுன்னு பாத்தாலே சொல் கிடைச்சுடும். 15-லேருந்து 49 வயசு வரைக்கும் பெண்களை அஞ்சஞ்சு வருஷமா ஏழு குழுவாப் பிரிக்கறாங்க, ஒவ்வொரு குழுவுலயும் 1000 பேருக்கு ஒரு வருஷத்துல எத்தனை குழந்தை பிறந்ததுன்னு எடுக்கறாங்க. நான் சும்மா உதாரணத்துக்கு 20, 130, 130, 60, 15, 4, 1-னு வச்சுக்கறேன். கூட்டினா 360, ஒவ்வொரு குழுவுலயும் ஒரு பொண்ணு அஞ்சு வருஷம் இருப்பாங்கறதால அஞ்சால பெருக்கினா 1800, அது 1000 பேருக்கு, ஆக ஒருத்திக்கு 1.8. இந்த வருஷத்து நிலவரமே அவ ஆயுசு பூரா நீடிச்சா எத்தனை பெத்துக்குவாங்கற கணக்கு இது. முழுக்க முழுக்க பெத்த பிள்ளைங்களை எண்றதுதான், பெறக்கூடிய திறனை இதுல யாரும் அளக்கவே இல்லை.

இதுக்கு ஈழத்து நண்பர் ஒருத்தர் சொன்ன 'கருவள வீதம்' கேக்க அழகா இருக்கு, ஆனா வளம்னாலே திறன்னு ஆயிடுது. அந்தச் சொல்லை உடம்போட திறனுக்கே வச்சுக்கலாம், அங்க கச்சிதமாப் பொருந்தும். இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் இல்லை. ஆங்கிலத்துல ஃபெர்ட்டிலிட்டின்னா மக்கள்தொகைக்காரங்களுக்கு நடந்த பிறப்பு, ஃபெகண்டிட்டின்னா திறன், பிரெஞ்சுல அப்படியே தலைகீழ், ஃபெகோந்தித்தேன்னா பிறப்பு, ஃபெர்ட்டிலித்தேன்னா திறன். ரெண்டு மொழியும் ஒரே லத்தீன்லேருந்து எடுத்தும் மாறிப் போயிருக்கு, அதனால அகராதியைப் பாத்து வேர்ச்சொல்லைப் பெயர்க்கறதை விட அளக்கற விஷயத்துக்குப் பேர் வைக்கறதுதான் நல்லது.

'மகப்பேறு'ன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். நானும் முதல்ல அதையேதான் நினைச்சேன், ஆனா மகப்பேறு விடுப்பு, மகப்பேறு மருத்துவமனைன்னு அது பிரசவத்தோட ஒட்டிக்கிட்டுது, இனி பிரிக்க முடியாது. பிள்ளைப்பேறு அப்படி ஆகலை. ஊர்ல "எத்தனை பெத்தே, எத்தனை நிக்குது"ன்னு கேப்பாங்களே, மக்கள்தொகைக் கணக்கெடுப்புலயும் கிட்டத்தட்ட அதையேதான் கேக்கறாங்க, இதுவரை உயிரோட பிறந்தது எத்தனை, இப்ப இருக்கறது எத்தனைன்னு. 'பிள்ளை'ன்னா ஆம்பளைப் பிள்ளைன்னு நினைச்சுக்குவாங்கங்கற பயம் வேண்டாம், பொம்பளைப் பிள்ளைன்னும் சொல்றோமே, யாழ்ப்பாணத்துல பொண்ணையே "பிள்ளை"ன்னுதான் கூப்பிடறாங்க.

அடுத்தது விகிதமா வீதமாங்கறது. இதுல நான் முழுசா 'வீதம்'னு சொல்ற ஈழத்துக் கட்சி. கல்யாண வீட்டுல "ஆளுக்கு ரெண்டு வீதம் வை"ன்னு சொல்றோம்ல, இங்கயும் பெண்ணுக்கு 1.8 வீதம், அதே பொருள், ஒரு விளக்கமும் தேவையில்லை. விகிதம்ங்கறதை ரெண்டு வேற எண்ணிக்கையை ஒப்பிடற இடத்துக்கு விட்டுடலாம். 2011-ல இந்தியாவுல 1000 ஆணுக்கு 943 பெண், அது பாலின விகிதம், சரி. ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு எத்தனை தாய்மார் இறந்தாங்கங்கறது தாய் இறப்பு விகிதம், அதுவே பிள்ளை பெறும் வயசுல இருக்கற பெண்கள் தொகைக்குக் கணக்குப் போட்டா தாய் இறப்பு வீதம். ரெண்டும் நிஜமாவே தனித்தனி அளவு, ரெண்டுக்கும் விகிதம்னே எழுதினா எதைச் சொல்றோம்னு எப்படித் தெரியும்?

ஒரு தலைமுறை தன் இடத்தை அடுத்த தலைமுறையால நிரப்ப ஒரு பெண்ணுக்கு சுமார் 2.1 குழந்தை வேணும், அந்த 2.1-க்கு 'பதிலீட்டு மட்டம்'னு போட்டிருக்கீங்க, எனக்கு 'ஈடுகட்டும் அளவு' பிடிச்சிருக்கு. அப்பா அம்மா ரெண்டு பேருக்கு ஈடா ரெண்டு, பெண்ணை விட ஆண் கொஞ்சம் கூடுதலா பிறக்கறதாலயும் சில பெண் குழந்தைங்க பெறும் வயசு வரைக்கும் பிழைக்காததாலயும் மேல ஒரு 0.1. இதுல பிடிவாதம் இல்லை, நீங்க முடிவு பண்ணுங்க.

பட்டியல்ல 'மொத்தப் பிள்ளைப்பேற்று வீதம்'னு மாத்தி, பக்கத்துலயே "ஒரு பெண்ணுக்கு இத்தனை குழந்தை, சதவீதம் அல்ல"ன்னு ஒரு வரியும் சேத்து வச்சிருக்கேன். 'பிள்ளைப்பேற்று'வா 'பிள்ளைப்பேறு'வாங்கற சந்தி விஷயத்தை மட்டும் இலக்கணம் தெரிஞ்சவங்க பாத்து சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்கேன்.