ஒரே தூரம், இரண்டு நேரம்: என் கணக்கு எங்கே இடிக்கிறது?

எக்செல்லில் ஒரு கணக்குப் போட்டு மூன்று நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன். இரண்டு நகரங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்தால் தூரமும் விமான நேரமும் வரவேண்டும். தூரம் சரியாக வருகிறது. நேரம்தான் காலை வாருகிறது.

நியூயார்க்–லண்டன் சுமார் 5,550 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகம், ஏறி இறங்க அரை மணி என்று வைத்தால் போக, வர இரண்டுக்குமே 6 மணி 40 நிமிடம் காட்டுகிறது. விமான அட்டவணையிலோ லண்டன் போக ஏறக்குறைய 7 மணி நேரம், திரும்பி வர 8.

தூரத்துக்கு ஹேவர்சைன் சூத்திரம் (உருண்டையின் மேல் இரு புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தைத் தருவது), பூமியின் ஆரம் 6,371 கி.மீ. வேகத்தை 850 ஆக்கிப் பார்த்தேன். லண்டன் போவது ஒட்டியது, திரும்புவது ஒட்டவில்லை. நேர மண்டலத்தில் தப்போ என்று எல்லாவற்றையும் யூடிசிக்கு (உலகப் பொது நேரம்) மாற்றினேன். (மார்ச்சில் சில வாரம் இரு ஊருக்குமான 5 மணி வித்தியாசம் 4 ஆகிவிடும். அதுவே ஒரு நாளை விழுங்கியது.) பலனில்லை.

விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக வீசும் ஜெட் காற்றுதான் காரணம், குளிர்காலத்தில் அது வலுக்கும் என்பது வரை புரிகிறது. லண்டன்–டோக்கியோவை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டேன். தூரம் 9,600 கி.மீ.தான், ஆனால் 2022 முதல் பிரிட்டிஷ், ஜப்பானிய விமானங்கள் ரஷ்ய வான்வெளியைத் தவிர்த்துச் சுற்றிப் போவதால் 12 மணி நேரப் பயணம் 14 வரை இழுக்கிறது. அதற்குச் சூத்திரம் என்ன செய்யும், பாவம்.

அன்றாடக் காற்றுத் தரவு எதுவும் இல்லாமல், பறக்கும் திசையையும் மாதத்தையும் மட்டும் வைத்து இந்த வித்தியாசத்தைக் கணக்கில் சேர்க்க எளிய வழி உண்டா?